பதினேழாம் எண் குழாய்: ஒரு நம்பிக்கை மையத்தில் மாறிப்போன எச்.ஐ.வி. முடிவு

இது 2016-ல் தமிழ்நாட்டின் ஒரு மாவட்டத்தில் நடந்தது. சம்பந்தப்பட்ட இரண்டு பெண்களின் அடையாளம் எந்த வகையிலும் வெளிப்படக் கூடாது என்பதால் ஊர், மாதம், மருத்துவமனை எதையும் சொல்லவில்லை. அப்போது நான் மற்ற மையங்களின் சோதனைகளைச் சரிபார்க்கும் ஒரு மாநில ரெஃபரன்ஸ் ஆய்வகத்தில் தர அலுவலராக இருந்தேன். என் சம்பளம் வெளிநாட்டு உதவித் திட்டம் ஒன்றிலிருந்து வந்தது. இந்த நிகழ்வில் அதற்கும் ஒரு பங்கு உண்டு. ஆகவே பணத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறேன்.

பின்னணி

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் 1986-ல் சென்னையில் கண்டறியப்பட்டது. டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.யில் பரிசோதிக்கப்பட்டன. பிறகு அமெரிக்காவுக்கு அனுப்பித்தான் உறுதி செய்ய முடிந்தது. அன்று அந்தச் சோதனைக்கு வேலூர்வரை போக வேண்டியிருந்தது. அங்கிருந்து இன்று தாலுகா மருத்துவமனையிலேயே அரை மணி நேரத்தில் முடிவு சொல்லும் நிலைக்கு வந்திருக்கிறோம். இந்த வளர்ச்சிக்கு மத்திய, மாநில அரசுகள் போட்ட பணத்தோடு வெளியிலிருந்து வந்த பணமும் உதவியது. 1992-ல் தொடங்கிய முதல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்துக்கு உலக வங்கி 8.4 கோடி டாலர் கடன் கொடுத்தது. 2002-ல் எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான சர்வதேச நிதியமான குளோபல் ஃபண்ட் வந்தது. 2003-ல் அமெரிக்கா தன் எய்ட்ஸ் உதவித் திட்டமான பெப்ஃபாரை அறிவித்தது.

தமிழ்நாட்டில் எச்.ஐ.வி. ஆலோசனையும் சோதனையும் நடக்கும் இடத்துக்கு நம்பிக்கை மையம் என்று பெயர். ஓர் ஆலோசகர், ஓர் ஆய்வக நுட்பநர், இரண்டு சின்ன அறைகள், பெரும்பாலும் இவ்வளவுதான். ரத்தத்தை முதலில் ஒரு சோதனைக் கிட்டில் போடுவார்கள். அது ரியாக்டிவ் (தொற்று இருக்கலாம்) என்று காட்டினால் வேறு தயாரிப்புகளான இரண்டாம், மூன்றாம் கிட்டுகளில் அதே மாதிரியைப் போடுவார்கள். மூன்றும் ஒத்துப்போனால்தான் பாசிட்டிவ் என்று எழுத வேண்டும். கிட் பொய் சொல்லும் வாய்ப்பை இந்த முறை வெகுவாகக் குறைத்துவிடும். நல்ல முறை, சந்தேகமில்லை.

இந்த மையங்களைக் கண்காணிக்க இரண்டு ஏற்பாடுகள் இருந்தன. ஒன்று பேனல். எங்கள் ஆய்வகம் போன்ற இடங்களிலிருந்து, விடை எங்களுக்கு மட்டும் தெரிந்த சில சீரம் (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) மாதிரிகள் ஆண்டுக்கு இரு முறை மையங்களுக்குப் போகும். அவர்கள் சோதித்து முடிவு அனுப்புவார்கள், நாங்கள் மதிப்பெண் போடுவோம். இன்னொன்று மறுசோதனை. ஒவ்வொரு காலாண்டிலும் முதல் வாரத்தில் எடுத்த மாதிரிகளில் பாசிட்டிவ் 20 சதவீதமும் நெகட்டிவ் 5 சதவீதமும் எங்களிடம் வரும். நாங்கள் திரும்பச் சோதிப்போம்.

உதவிப் பணம் எங்கே போனது

எனக்குச் சம்பளம் தந்த உதவித் திட்டத்தின் நோக்கம் எளிது. தேசிய, மாநில ஆய்வகங்களை மருத்துவ ஆய்வகங்களுக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 15189-க்குக் கொண்டுவந்து அங்கீகாரம் வாங்கவைப்பது, கீழே உள்ள மையங்களின் சோதனைத் தரத்தைப் பேனல் மூலம் அளப்பது. பேனல் தயாரிக்க, குளிர்பெட்டியில் அனுப்ப, பயிற்சிப் பட்டறை நடத்த, கருவிகளை அளவுத்திருத்தம் செய்ய, அங்கீகாரக் கட்டணம் கட்ட, என்னைப் போன்ற சிலருக்குச் சம்பளம் கொடுக்க என்று ஒவ்வொன்றுக்கும் தனித் தலைப்பில் பணம் இருந்தது. நிஜமாகவே வேலை நடந்தது. நான் சேர்ந்தபோது எங்கள் குளிர்பதனப் பெட்டிகளில் பாதிக்கு வெப்பநிலைப் பதிவேடே கிடையாது. ஒன்றரை வருடத்தில் ஒரு நாள்கூட விடாமல் எழுதும் பழக்கம் வந்துவிட்டது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

காலாண்டு அறிக்கையில் மூன்று கட்டங்கள் இருந்தன. எத்தனை பேனல் அனுப்பினோம், எத்தனை மையங்கள் பங்கேற்றன, எத்தனை தேறின. ஒரு மையம் தவறினால் அப்புறம் என்ன செய்தோம் என்று கேட்கும் கட்டம் இல்லை. அங்கே நேரில் போய்ப் பார்க்க வண்டிக்கும் பயணப்படிக்கும் தலைப்பு இல்லை. போன் செய்து பேசுவோம், மறுபேனல் அனுப்புவோம். அது போதும் என்று நானும் நினைத்திருந்தேன்.

இந்த நிகழ்வு நடந்த மையம் பேனலில் ஒருமுறைகூடத் தவறியதில்லை. தொடர்ந்து நூற்றுக்கு நூறு. அதற்கான சான்றிதழ் நுட்பநரின் நாற்காலிக்குப் பின்னால் கண்ணாடிச் சட்டத்தில் தொங்கியது. அதில் இருந்த கையெழுத்து என்னுடையது.

செவ்வாய்க்கிழமை

செவ்வாய் என்றால் கர்ப்பிணிகள் நாள். அன்று 41 பெண்கள் வந்திருந்தார்கள். அவர்களில் வரிசை எண் 17, இரண்டாவது குழந்தையைச் சுமந்துகொண்டிருந்த, ஐந்தாம் மாதத்தில் இருந்த ஒரு பெண். மூன்று கிட்டும் ரியாக்டிவ். மதியம் ஆலோசகர் அவரிடம் முடிவைச் சொன்னார். முதல் குழந்தையின்போது எடுத்த சோதனை நெகட்டிவ் என்று அந்தப் பெண் அட்டையை எடுத்துக் காட்டினார். "அது மூணு வருஷத்துக்கு முன்னாலம்மா, நடுவுல எப்ப வேணா வந்திருக்கலாம்" என்று ஆலோசகர் விளக்கினார். வழக்கமாகச் சொல்வதுதான். தவறான விளக்கமும் இல்லை.

2014-லிருந்து நாடு முழுவதும் எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிகள் அனைவருக்கும் சி.டி.4 (நோய் எதிர்ப்புச் செல்கள்) எண்ணிக்கையைப் பார்க்காமலே வாழ்நாள் மருந்து தொடங்கப்படுகிறது. தாமதிக்கக் கூடாது என்பதற்கு நல்ல காரணம் உண்டு. ஒன்றும் செய்யாமல் விட்டால் 100 குழந்தைகளில் 15 முதல் 45 வரை தாயிடமிருந்து தொற்று வரலாம். முறையாக மருந்து எடுத்தால் அதை 5-க்கும் கீழே கொண்டுவந்துவிடலாம். மூன்றாம் நாளே மாவட்டத் தலைமை மருத்துவமனையின் ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. சிகிச்சை) மையத்தில் அவருக்கு மாத்திரை கொடுத்தார்கள்.

நான்காம் நாள் கணவரைச் சோதித்தார்கள். நெகட்டிவ். அன்று மாலையே கணவர் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார்.

சந்தேகம் வந்த விதம்

ஒன்பதாம் நாள் அந்தப் பெண் தனியாக, ஒரு தனியார் லேபின் எலைசா (எச்.ஐ.வி.க்கு எதிராக உடலில் உருவாகும் ஆன்டிபாடியைத் தேடும் ஆய்வகச் சோதனை) முடிவோடு நம்பிக்கை மையத்துக்கு வந்தார். அதில் நெகட்டிவ் என்றிருந்தது. "அக்கா, நான் சண்டை போட வரல. எது உண்மைன்னு மட்டும் சொல்லுங்க" என்று கேட்டாராம்.

இப்படி வருபவர்கள் புதிதில்லை. முடிவை ஏற்க முடியாமல் வேறு வேறு லேபுக்குப் போய்ப் பார்ப்பவர்களை ஆலோசகர்கள் தினமும் பார்க்கிறார்கள். "மாத்திரையை விடாதீங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அந்த ஆலோசகர் அப்படிச் செய்யவில்லை. அந்தப் பெண்ணை உட்காரவைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். இந்த நிகழ்வு முழுவதிலும் மிகச் சரியான முடிவு அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

முதல் முடிவை அந்தத் தொலைபேசியிலேயே எடுத்தோம். புதிதாக ரத்தம் எடுத்து, அந்த மையத்தில் தொடாமல், எங்களிடம் அனுப்பச் சொன்னேன். மாலையில் வந்தது. எங்கள் நுட்பநரிடம் எந்தப் பின்னணியும் சொல்லாமல் கொடுத்தோம். மூன்று கிட், ஒரு எலைசா, எல்லாம் நெகட்டிவ். மறுநாள் காலை இன்னொரு மாதிரி எடுத்தோம், அதுவும் நெகட்டிவ். ஆறேழு நாள் மாத்திரை எடுத்ததால் ஆன்டிபாடி மறைந்துவிடாது. ஒன்பது நாளுக்கு முன் மூன்று கிட்டிலும் பளிச்சென்று கோடு விழுந்த ரத்தம் இவருடையதாக இருக்க வழியே இல்லை.

ஏ.ஆர்.டி. மருத்துவரிடம் பேசினோம். அன்றே மாத்திரை நிறுத்தப்பட்டது.

குழாய் யாருடையது

அந்தக் காலாண்டின் முதல் வாரத்தில் எடுத்த மாதிரி என்பதால், மறுசோதனைக்காக 17 என்று எழுதிய சீரம் குழாய் அந்த மையத்தின் ஃபிரிட்ஜில் இருந்தது. அதைத் தருவித்துச் சோதித்தோம். மூன்றிலும் ரியாக்டிவ்.

அந்த நிமிடம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கிட் சரி, நுட்பநரின் கை சரி, கோட்டைப் படித்த விதமும் சரி. சோதனையில் பிழையே இல்லை. குழாயில் இருந்த ரத்தம்தான் வேறொருவருடையது. அப்படியென்றால் எச்.ஐ.வி. உள்ள ஒரு கர்ப்பிணி 'உங்களுக்கு ஒன்றுமில்லை' என்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்.

அந்தக் குழாய் வழக்கமான மறுசோதனையில் எங்களிடம் வந்திருந்தால், பாசிட்டிவ், ஒத்துப்போகிறது என்று எழுதி நானே கையெழுத்துப் போட்டிருப்பேன்.

மாறியது உறுதிதானா என்று பார்க்க எங்கள் மூத்த நுண்ணுயிரியல் மருத்துவர் ஒரு வழி சொன்னார். கர்ப்பிணிகள் எல்லோருக்கும் ரத்தப் பிரிவு பார்க்கப்பட்டிருக்கும். 17-ஆம் பெண் பி பிரிவு. பி பிரிவுக்காரரின் சீரத்தில் ஏ செல்களைத் திரளவைக்கும் ஆன்டிபாடி இருக்க வேண்டும். ரத்த வங்கிக்குக் கொண்டுபோனோம். இரண்டு சின்னக் குழாய்களில் அந்தச் சீரத்தை இரண்டிரண்டு துளி விட்டு, ஒன்றில் ஏ செல்லும் இன்னொன்றில் பி செல்லும் சேர்த்து, சுழற்றி எடுத்தார் அங்கிருந்த நுட்பநர். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து விரலால் லேசாகத் தட்டினார். ஏ செல் குழாயின் அடியிலிருந்து சிவப்பு புகைபோல எழுந்து கலைந்தது. பி செல் குழாயில் ஒரே கட்டியாகப் பெயர்ந்து வந்தது. நான்கு முறை தட்டியும் உடையவில்லை. அது ஏ பிரிவுக்காரரின் சீரம்.

அன்றைய பட்டியலில் ஏ பிரிவு என்று பதிவாகியிருந்தவர்கள் ஒன்பது பேர்.

எல்லோரையும் கூப்பிடுவது என்ற முடிவு

ஒன்பது பேரை மட்டும் அழைத்தால் போதும் என்று ஒரு கருத்து இருந்தது. வேலை குறைவு, கிட் செலவு குறைவு, ஊரில் பேச்சும் குறைவு. நான் ஒப்பவில்லை. காரணம் இரண்டு. அட்டையில் எழுதிய ரத்தப் பிரிவும் மாறிப்போன குழாயிலிருந்தே எடுக்கப்பட்டிருக்கலாம். மேலும், ஒரு குழாய் இடம் மாறினால் கூடவே வேறு குழாய்களும் மாறியிருக்கும். ஆகவே மீதி 40 பேரையும் அழைப்பது, அதில் ஏ பிரிவினரையும் 17-க்குப் பக்கத்து எண்களையும் முதலில் அழைப்பது என்று முடிவானது. மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அரை நாள் யோசித்துவிட்டுச் சம்மதித்தார்.

அடுத்து, என்ன சொல்லி அழைப்பது? 'ரத்தம் கெட்டுப்போச்சு, திரும்ப எடுக்கணும்' என்று சொல்லலாம் என்றார் ஒருவர். ஆலோசகர் மறுத்தார். பொய் சொல்லி வரவைத்துவிட்டு, வந்தவரிடம் பாசிட்டிவ் என்று சொன்னால் அதை அவர் எப்படி நம்புவார் என்று கேட்டார். சரி, உண்மையையே சொல்வது என்று ஒரு வாக்கியம் எழுதினோம்: "அன்னைக்கு எடுத்த ரத்தப் பரிசோதனையில எங்க பக்கம் பேர் மாறியிருக்கலாம்னு சந்தேகம் இருக்கு. வந்தீங்கன்னா திரும்பப் பார்த்து உறுதியாச் சொல்லிடுறோம்." எச்.ஐ.வி. என்ற சொல் போனில் வரக் கூடாது. வேறு யார் எடுத்தாலும் தகவல் சொல்லக் கூடாது.

தொலைபேசியில் கிடைக்காதவர்களைக் கண்டுபிடிக்க கிராம சுகாதார செவிலியர்களின் உதவி தேவைப்பட்டது. அவர்களிடம் பட்டியலைக் கொடுக்கவில்லை. பிக்மி எண்ணை (கர்ப்பிணிகளின் அரசுப் பதிவு எண்) மட்டும் சொல்லி, அட்டையோடு மருத்துவமனைக்கு வரச் சொல்லுங்கள் என்றோம். ஒரு செவிலியர் கோபப்பட்டார். "என் ஏரியா பொண்ணு, என்ன விஷயம்னு எனக்குத் தெரிய வேண்டாமா?" அவர் கேட்டதில் நியாயம் உண்டு. இருந்தும் சொல்லவில்லை.

ஆறு நாளில் 37 பேர் வந்துவிட்டார்கள். எல்லோரும் நெகட்டிவ். மிச்சம் மூன்று பேர் தாய்வீட்டுக்குப் போயிருந்தார்கள். அதில் ஒருவர் எண் 18. வளைகாப்பு முடிந்து வேறு மாவட்டத்திலுள்ள அம்மா வீட்டில் இருந்தார், ஏழாம் மாதம், ஏ பிரிவு.

வேறு மாவட்டம் என்றதும் சிக்கல். அங்குள்ள மையத்துக்குத் தகவல் சொன்னால் மாதிரி எடுப்பார்கள். ஆனால் யார், எப்படிச் சொல்வார்கள் என்பது நம் கையில் இல்லை. எங்கள் ஆலோசகரே பேருந்தில் போனார். நான்கு மணி நேரப் பயணம். அங்குள்ள நம்பிக்கை மைய ஆலோசகரோடு சேர்ந்து உட்கார்ந்து, ரத்தம் எடுக்கச் செய்து, முடிவு வந்ததும் அவரே சொன்னார். பாசிட்டிவ். முதல் ரத்தம் எடுத்த நாளிலிருந்து அது 18-ஆம் நாள். அடுத்த நாளே மருந்து தொடங்கியது.

அந்தப் பயணத்துக்கான பணம் எந்தத் தலைப்பிலும் இல்லை. அப்போதைக்கு நானும் ஆலோசகரும் பகிர்ந்துகொண்டோம்.

மேசை அருகில் ஒரு நாள்

காரணத்தைக் கண்டுபிடிக்க அடுத்த செவ்வாய் அந்த மையத்துக்குப் போய், காலை எட்டரையிலிருந்து ரத்தம் எடுக்கும் மேசைக்கு அருகில் உட்கார்ந்தேன். அந்த மையத்துக்கு நான் போனது அதுதான் முதல் முறை. இரண்டு ஆண்டுகளாக அவர்களுக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தேன்.

அங்கே அந்த நுட்பநர் மட்டும்தான். மருத்துவமனையின் பொது லேபில் எட்டு மாதமாக ஓர் இடம் காலி என்பதால், கர்ப்பிணிகளின் மற்ற சோதனைகளுக்கான ரத்தத்தையும் அவரே எடுத்தார். பெயரும் எண்ணும் எழுதும் ரெஜிஸ்டர் அடுத்த அறையில், ஆலோசகரிடம். வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். இவர் ரத்தம் எடுத்து, பெயர் எழுதாத குழாயை ரேக்கில் அடுத்த குழியில் செருகுவார். பத்துப் பதினைந்து சேர்ந்ததும் எழுந்துபோய் ரெஜிஸ்டரை வாங்கிவந்து, முதல் குழாயிலிருந்து வரிசையாக மார்க்கரால் எண் போடுவார். வரிசை கலையாதவரை பிழை வராது. ஆண்டுக்கணக்கில் வரவும் இல்லை, அல்லது வந்தது தெரியவில்லை.

அன்று என்ன ஆனது என்பதை அவரே நினைவுபடுத்திச் சொன்னார். எண் 16 ஊசியைப் பார்த்ததும் மயங்கிவிட்டார். அவரைப் பெஞ்சில் படுக்கவைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டு, காத்திருந்த அடுத்த இரண்டு பேருக்கு எடுத்தார். பிறகு 16 எழுந்து வந்தார், அவருக்கும் எடுத்தார். 17-இன் ரத்தம் 16-ஆம் குழியில், 18-இன் ரத்தம் 17-ஆம் குழியில், 16-இன் ரத்தம் 18-ஆம் குழியில். அப்புறம் வழக்கம்போல் வரிசையாக எண் போட்டார்.

"பேனல்ல எப்பவும் நூத்துக்கு நூறுதானே மேடம்" என்றார். தன்னை நியாயப்படுத்த அவர் அதைச் சொல்லவில்லை. அவருக்கே புரியவில்லை.

எனக்குப் புரிந்தது. பேனல் குழாய்கள் எங்களிடமிருந்தே எண் ஒட்டப்பட்டு வருகின்றன. யாருடைய கையிலும் ஊசி ஏறுவதில்லை, யாரும் மயங்குவதில்லை. கூட்டம் இல்லாத நாளில், கதவைச் சாத்திக்கொண்டு செய்கிறார்கள். சீரம் குழாய்க்குள் போன பிறகு நடப்பதை மட்டும்தான் அது அளக்கும். அதற்கு முந்தைய ஐந்து நிமிடத்தை அளக்க எங்களிடம் ஒன்றும் இல்லை. பணம் முழுவதையும் பேனலில் போட்டுவிட்டு அதற்குத் தரம் என்று பெயர் வைத்திருந்தோம்.

நுட்பநருக்கு மெமோ கொடுத்து இடமாற்றம் செய்யலாம் என்று மருத்துவமனையில் பேச்சு வந்தது. எழுத்துமூலம் விளக்கம் மட்டும் வாங்கினால் போதும் என்று வாதாடினேன். இரண்டு பேர் வேலையை ஒருவர் தலையில் கட்டிவிட்டு அவரை மட்டும் தண்டித்தால், அடுத்தமுறை மயங்கி விழுந்தவரைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அவர் மறைக்காமல் சொன்னதால்தான் காரணம் தெரிந்தது. கண்காணிப்பாளர் ஏற்றுக்கொண்டார்.

பிறகு நடந்தவை

18-ஆம் பெண் மருந்தை ஒழுங்காக எடுத்தார். அவர் கணவரும் பாசிட்டிவ், அவருக்கும் சிகிச்சை தொடங்கியது. பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்குத் தொற்று வராமல் தடுக்கும் நெவிராபின் சிரப் கொடுத்தார்கள். ஆறு வாரத்தில் குதிகாலில் எடுத்த உலர் ரத்தப்புள்ளிச் சோதனை நெகட்டிவ். 18-ஆம் மாதத்தின் கடைசிச் சோதனையும் நெகட்டிவ்.

17-ஆம் பெண்ணின் விஷயம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. கணவரை அழைத்து மருத்துவ அலுவலர், ஆலோசகர், நான் மூவரும் பேசினோம். அவர் திரும்பி வந்தார். ஆனால் மாமியார் வீட்டில் இன்னும் நம்பவில்லை என்று அந்தப் பெண் சொன்னார். "வாயால சொன்னா பத்தாது, எழுதிக் கொடுங்க" என்று கேட்டார். எழுதிக் கொடுத்தால் வழக்கு வரும் என்று அலுவலகத்தில் தயங்கினார்கள். பதினைந்து நாள் இழுத்தது. கடைசியில், மாதிரி மாறியது மருத்துவமனையின் பிழை, இவருக்கு எச்.ஐ.வி. இல்லை, நேர்ந்த துன்பத்துக்கு வருந்துகிறோம் என்று தமிழில், முத்திரையோடு ஒரு கடிதம் போனது. அந்தப் பதினைந்து நாள் தாமதத்துக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. முதல் நாளே கொடுத்திருக்க வேண்டும்.

மாத்திரையால் அவருக்கும் குழந்தைக்கும் பாதிப்பு ஏதும் தெரியவில்லை. பிரசவத்துக்கு அவர் அந்த மருத்துவமனைக்கு வரவில்லை.

எதை மாற்றினோம்

முதலில் ஸ்டிக்கர். ஆலோசகர் பதிவு செய்யும்போதே ஒரே எண்ணில் மூன்று ஸ்டிக்கர் எடுத்து, ஒன்றை ரெஜிஸ்டரில் ஒட்டி, மற்ற இரண்டையும் அந்தப் பெண்ணின் கையில் கொடுத்துவிடுவார். அவர் ஊசி போடும் மேசையில் உட்கார்ந்ததும் நுட்பநர் "உங்க பேர் என்னம்மா?" என்று கேட்க வேண்டும். "செல்விதானே?" என்று கேட்கக் கூடாது. பதற்றத்தில் இருப்பவர் எதற்கும் தலையாட்டிவிடுவார். பெயர் சரியென்றால் குழாயில் ஸ்டிக்கர் ஒட்டி, அதன் பிறகுதான் ஊசி. கண்ணெதிரே ஒட்டும்போது அந்தப் பெண்களும் எண்ணைச் சரிபார்க்கத் தொடங்கினார்கள். இது நாங்கள் எதிர்பார்க்காத பலன்.

இரண்டாவது, பாசிட்டிவ் என்று முடிவு வந்தால் மருந்து தொடங்கும் முன் புதிதாக ஒரு மாதிரி எடுத்து வேறொருவர் சோதிப்பது. உலக சுகாதார நிறுவனம் இதை 2014-லேயே வலியுறுத்தியிருந்தது. நான் படித்தும் இருந்தேன். நம்மிடம்தான் மூன்று கிட் முறை இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். மூன்று கிட்டும் ஒரே குழாயிலிருந்து என்பது எனக்கு உறைக்கவில்லை. பாசிட்டிவ் வருபவர்கள் எண்ணிக்கை சிறியது, கூடுதல் கிட் செலவும் சிறியது. இதை அந்த மாவட்டத்தில் உடனே தொடங்கினோம்.

மூன்றாவது பணம். பயிற்சிப் பட்டறைக்கு இருந்த தொகையில் ஒரு பகுதியை மையங்களுக்கு நேரில் போகும் செலவுக்கு மாற்றக் கேட்டுத் திட்ட அலுவலகத்துக்கு எழுதினேன். அனுமதி வர ஐந்து வாரம் ஆனது. பட்டறையில் எத்தனை பேர் கலந்துகொண்டார்கள் என்ற எண்ணிக்கை குறையுமே என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி. குறைந்தது. அதற்குப் பதிலாக அந்த ஆண்டு 22 மையங்களில் செவ்வாய்க்கிழமைகளில் மேசையருகே உட்கார முடிந்தது. அதில் ஏழு இடங்களில் ரத்தம் எடுத்த பிறகுதான் குழாயில் எண் எழுதிக்கொண்டிருந்தார்கள். எல்லாமே பேனலில் தேறியவை.

இன்று திரும்பச் செய்வதாக இருந்தால், திட்டம் தொடங்கும்போதே இரண்டு விஷயங்களுக்குச் சண்டை போடுவேன். பிழை வந்தபின் செய்யும் வேலைக்கு ஒரு தலைப்பும் ஒரு தொகையும் வேண்டும். தர அலுவலர் பணியிடம் முதல் நாளிலிருந்தே அரசுப் பட்டியலில் இருக்க வேண்டும், திட்டம் அதற்குச் சில ஆண்டு பணம் மட்டும் தரட்டும். திட்டத்தின் ஆளாக வந்தவர் திட்டத்தோடு போய்விடுவார்.

திட்டம் முடிந்தபின்

இந்த நிகழ்வுக்குப் பிறகு இரண்டு ஆண்டுகளில் எங்கள் திட்டம் முடிந்தது. கிட்டும் நுட்பநர் சம்பளமும் முன்பே அரசுப் பணத்தில்தான் வந்துகொண்டிருந்தன, அதனால் சோதனை ஒருநாளும் நிற்கவில்லை. தேசியத் திட்டத்தின் ஐந்தாம் கட்டத்துக்கு 2021 முதல் 2026 வரை மத்திய அரசு ஒதுக்கியது 15,471.94 கோடி ரூபாய். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியைத் திடீரென நிறுத்திவைத்தபோது, ஊழியர் சம்பளத்துக்கே அந்தப் பணத்தை நம்பியிருந்த ஆப்பிரிக்க நாடுகளில் ஏற்பட்ட நிலை நமக்கு வரவில்லை.

எங்கள் ஆய்வகத்தில் தரப் பணியை இப்போது ஒரு நுண்ணுயிரியல் மருத்துவர் தன் மற்ற வேலைகளோடு சேர்த்துப் பார்க்கிறார். பேனல் தவறாமல் போகிறது, அங்கீகாரமும் இருக்கிறது. மையங்களுக்கு நேரில் போவது நின்றுவிட்டது. பணத்தைவிட, நாள் முழுவதும் வெளியே போகக்கூடிய ஆள்தான் இல்லை. ஸ்டிக்கர் முறை அந்த மாவட்டத்தில் நிலைத்துவிட்டது, அதற்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. காலியிடத்துக்கு 2018-ல் ஒருவர் வந்தார். பழைய நுட்பநர் இன்னும் அதே மேசையில்தான் இருக்கிறார். புதிதாக வருபவர்களுக்கு ரத்தம் எடுக்கச் சொல்லிக்கொடுக்கும்போது, ஊசிக்கு முன்னால் ஸ்டிக்கரைக் கையில் கொடுக்கிறாராம்.